மாரி மழையும் துவக்குச் சோங்கும்: வெளியிலை வார்னிஷ், உள்ளுக்கை வெடிப்பு

முத்தையன்கட்டான் | மாசி 24, இரவு 8.40

வணக்கம் உறவுகளே. அப்பாவின்ரை துவக்கு ஒண்டு என்ரை பேரிலை அனுமதிப்பத்திரத்தோடை இருக்கு. ஒற்றைக்குழல், 12 போர். முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழை வயல். கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் பண்டி விடாது, காவலுக்குப் படுத்தே ஆகவேணும். வருஷத்திலை நாலைஞ்சு தரம் மேலை பாத்து வெடி வைக்கிறதுதான் அதின்ரை முழு வேலையும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னம் சோங்கு, அதுதான் தோளோடை அணைச்சுப் பிடிக்கிற மரப்பகுதி, கறுத்து அழுக்காக் கிடக்குதெண்டு அரத்தாள் போட்டு உரஞ்சி, மூண்டு தரம் வார்னிஷ் அடிச்சன். கண்ணாடி மாதிரி மினுங்கினது. இந்தக் காலபோகத்துக்கு ஐப்பசி கடைசியிலையிருந்து தை மட்டும் காவல் கொட்டிலிலைதான் கிடந்தது. சாக்காலை சுத்தி வைப்பன். கார்த்திகையிலை தொடர்ந்து அடிச்ச மழைக்குள்ளை ரெண்டு மூண்டு நாள் நல்லா நனைஞ்சும் போச்சு.

அறுவடை முடிஞ்சு போன கிழமை எடுத்துப் பாத்தால், குழல் பூட்டுற இரும்பின்ரை பின்நாக்கு, அதாவது பின்னுக்கு நீண்டு மரத்துக்குள்ளை இறங்கிற துண்டு, முடியிற இடத்திலையிருந்து கழுத்துப் பக்கமா ரெண்டு அங்குலம் வெடிச்சிருக்கு. சோங்கின்ரை அடித்தகட்டுக்கு (தோளிலை முட்டுற முனையை மூடுற தகடு) கிட்ட வார்னிஷ் வெள்ளை பூத்துத் தோல் உரியிற மாதிரி உரியுது. அப்பா நாப்பது வருஷம் இதே கொட்டிலிலை வைச்சிருந்தவர். ஒரு கீறல் இல்லை. நான் பாதுகாக்கவெண்டு செய்த வேலைக்குப் பிறகுதான் வெடிச்சிருக்கு. எங்கை பிழை விட்டன் எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

நந்திக்கடலோன் | மாசி 24, இரவு 9.15

நாங்கள் கடற்கரை ஆக்கள் தம்பி. மரவள்ளம் இருந்த காலத்திலை சுறா எண்ணெய்தான் பூசுவம். உப்புத்தண்ணிக்கே நிண்டு பிடிச்சது. ஆனால் அந்த மணம் ஒரு மாதத்துக்குப் போகாது. கன்னத்தோடை அணைச்சுப் பிடிக்கிற சாமானுக்குப் பூசச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை. வார்னிஷ் மட்டும் வேண்டாம் எண்டு சொல்லுவன், வள்ளத்திலையும் அது ஒரு மாரிதான் தாங்கும்.

மருதமரம் | மாசி 24, இரவு 9.50

அண்ணை, எங்கடை அம்மப்பா மண்வெட்டிப் பிடி, கோடாலிப் பிடி, உழவு கலப்பை எல்லாத்துக்கும் இலுப்பெண்ணெய் தடவுவார். விளக்குக்கு வாங்கிற எண்ணெயிலை மிஞ்சிற அடிமண்டியை வீணாக்காமல் மரத்துக்குப் பூசிறது. வவுனிக்குளத்துப் பக்கம் கனபேர் அப்பிடித்தான் செய்தவை. உங்கடை அப்பா என்ன பூசினவர் எண்டு வீட்டிலை ஆருக்கும் தெரியாதோ? அதைத்தான் முதல் தேடிப் பாக்கவேணும் எண்டு நினைக்கிறன்.

உளிச்சத்தம் | மாசி 25, காலை 6.20

தம்பி முத்தையன்கட்டான், மருந்து சொல்ல முன்னம் நாலு கேள்வி. துவக்கிலை தோட்டா இல்லையெண்டு ரெண்டு தரம் பாத்திட்டு, குழலைக் கழட்டி வைச்சிட்டுப் பாத்துச் சொல்லு.

அடித்தகட்டைக் கழட்டினால் அதுக்குக் கீழை இருக்கிற மரத்துக்கு வார்னிஷ் அடிச்சனியோ? இரும்பு வந்து குந்திற பள்ளத்துக்குள்ளை ஏதும் பூசினனியோ? இரும்பையும் மரத்தையும் சேத்துப் பிடிக்கிற பெரிய ஆணி இறுக்கமாக் கிடக்கோ, ஆடுதோ? மரம் என்ன நிறம், ரேகை எப்பிடி?

முத்தையன்கட்டான் | மாசி 25, பின்னேரம் 5.30

ஐயா, வேலையை விட்டிட்டு வந்து முதல் வேலையா இதைத்தான் பாத்தன்.

தகட்டின்ரை ரெண்டு ஆணியும் கறள் பிடிச்சு இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுத்தான் கழட்டினன். அதுக்குக் கீழை வார்னிஷ் ஒரு சொட்டும் இல்லை. பச்சை மரம். இல்லை, பச்சையும் இல்லை, கறுப்பாப் பூஞ்சணம் பிடிச்சமாதிரி, நகத்தாலை அமத்தினால் பதியுது. இரும்புப் பள்ளத்துக்குள்ளையும் ஒண்டும் பூசேல்லை. வெளியாலை தெரியாத இடம்தானே எண்டு விட்டிட்டன். பெரிய ஆணி முக்கால் சுத்துக்குச் சும்மா சுழண்டது. மரம் இருண்ட மண்ணிறம், கறுப்புக் கோடு ஓடுது. முதிரையோ பாலையோ இல்லை, இஞ்சத்தைய மரம் மாதிரித் தெரியேல்லை.

அம்மாவைக் கேட்டன். அப்பா ஆடி மாதத்திலை வெயில் கொளுத்தேக்கை ஒரு தகரப் பேணியிலை இருந்த எண்ணெயை உள்ளங்கையாலை தேய்ப்பாராம். ஹாட்வெயார் கடையிலை வாங்கினது, கதவுக்குப் பெயின்ற் கலக்கிற எண்ணெய் எண்டு அம்மா சொல்லுறா.

உளிச்சத்தம் | மாசி 25, இரவு 7.45

அப்ப விளங்கிப் போச்சு. கொம்மா சொல்லுறது லின்சீட் ஒயில், ஆளிவிதை எண்ணெய். உன்ரை மரம் அனேகமா வால்நட். சீமைத் துவக்குகளுக்கு அதைத்தான் போடுவாங்கள்.

நான் முப்பத்தஞ்சு வருஷமா மரவேலை. கதவு நிலை, வண்டில், மேழி, எல்லாம் செய்திருக்கிறன். மரத்தை ஒரு கட்டு ஸ்ரோ மாதிரி நினைச்சுக்கொள். நீட்டுவாக்கிலை ஆயிரக்கணக்கான குழாய் ஓடுது. பக்கவாட்டிலை தண்ணி போகக் கஷ்டப்படும். வெட்டுமுகத்திலை, அதாவது குழாய்களின்ரை வாய் திறந்து கிடக்கிற முனையிலை, தண்ணி உறிஞ்சிக்கொண்டு போகும். சோங்கிலை அந்த வாய் ரெண்டு இடத்திலை இருக்கு. ஒண்டு அடித்தகட்டுக்குக் கீழை. மற்றது இரும்பு குந்திற பள்ளம். நீ மூண்டு தரம் வார்னிஷ் அடிச்சது தண்ணி மெதுவாப் போற பக்கத்துக்கு. கெதியாப் போற ரெண்டு வாசலையும் திறந்து விட்டிட்டாய்.

அங்காலை இன்னும் ஒரு கேடு இருக்கு. உள்ளுக்கை போன தண்ணி வெளியிலை வர வழி வேணும். வார்னிஷ் மூடிக் கிடக்கு. வெயில் வந்தவுடனை ஈரம் உள்ளிருந்து தள்ளி அந்தத் தோலைக் கிளப்புது. நீ பாத்த வெள்ளை பூத்த இடம் அதுதான். சாக்காலை சுத்தினதும் பிழை. நனைஞ்ச சாக்கு நாள் முழுக்க ஈரத்தை மரத்தோடை ஒட்டி வைச்சிருக்கும்.

கொப்பா எண்ணெய் தேய்ச்சதாலை மரத்துக்கை ஈரம் போகேல்லை எண்டு நினையாதை. அவருக்கும் போனதுதான். ஆனால் அவர் தகட்டைக் கழட்டி அடியிலையும் தேய்ச்சிருப்பார். ஒவ்வொரு ஆடியும் திருப்பித் திருப்பித் தேய்ச்சிருப்பார். அரத்தாளோடை அந்த நாப்பது வருஷ எண்ணெயை நீ உரஞ்சி எடுத்துப் போட்டாய். உன்னை நோகச் சொல்லேல்லை, மோனை. நிறையப் பேர் விடுற பிழை.

காவற்கொட்டில் | மாசி 25, இரவு 9.05

மேலை ஐயா சொன்னதோடை ஒண்டு சேக்கிறன். நான் செட்டிகுளம் பக்கம். இருவது வருஷத்துக்கு மேலை அனுமதித் துவக்கு வைச்சிருக்கிறன்.

வெடிப்பு ஏன் பின்நாக்கிலையிருந்து தொடங்கினது? மாரியிலை மரம் வீங்கும். வீங்கேக்கை இரும்பும் ஆணியும் விட்டுக்குடாது, அதாலை மரம் தன்னைத்தானே நசிச்சுக்கொள்ளும். பிறகு காய்ஞ்சு சுருங்கேக்கை பழைய அளவை விடவும் சிறுத்துப் போகும். ஆணி முக்கால் சுத்துச் சுழண்டது அதாலைதான். இறுக்கமா இருந்தால் வெடியின்ரை பின்னடி அகலமான முகம் முழுக்கப் பரவி மரத்திலை ஏறும். இளகிக் கிடந்தால் இரும்பு கொஞ்சம் பின்னுக்கு ஓடி, பின்நாக்கின்ரை நுனி ஆப்பு மாதிரி மரத்துக்குள்ளை இறங்கும். விறகு பிளக்கிற மாதிரித்தான்.

ஆனபடியால் அந்த வெடிப்போடை ஒரு வெடியும் வைக்காதையுங்கோ. பண்டி வந்தால் தகரத்தைத் தட்டுங்கோ, வெங்காய வெடி போடுங்கோ. ஒட்டினாப் பிறகும் அனுமதி உள்ள துவக்குத் திருத்துறவரிட்டைக் காட்டிப்போட்டுத்தான் பாவிக்கவேணும்.

மற்றது, வைக்கிற விதம். எல்லாரும் சோங்கை நிலத்திலை ஊண்டி, குழல் மேலை பாக்கச் சுவரிலை சாத்துறவை. குழலுக்கு விடுற எண்ணெய் வடிஞ்சு வடிஞ்சு சோங்கின்ரை கழுத்துக்கை இறங்கும். அந்த எண்ணெய் காயாது. பத்துப் பதினைஞ்சு வருஷத்திலை மரம் கறுத்துப் பஞ்சு மாதிரிப் போகும். குழல் கீழை பாக்க, வாயடியிலை ஒரு துணி வைச்சு நிறுத்துங்கோ. சீமெந்து நிலத்திலும் மண்சுவரிலும் முட்டக்கூடாது, ஒண்டு ஈரம், மற்றது கறையான். உறைக்குள்ளை போட்டு மூடியும் வைக்காதையுங்கோ, அது கொண்டு போகத்தான்.

வாடைக்காற்று | மாசி 26, மாலை 4.10

நான் விஞ்ஞான பாடம் கற்பிப்பவன். இந்த இழையை நேற்றிரவு இரண்டு முறை வாசித்தேன். அனுபவத்தால் நீங்கள் சொன்னதற்குச் சில கணக்குகளைச் சேர்க்கிறேன்.

மரம் காற்றின் ஈரத்தோடு எப்போதும் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரத்தினுள் நீர் அதன் உலர் எடையில் ஏறக்குறைய 12 சதவீதத்தில் வந்து நிற்கும். 80 சதவீதம் என்றால் 16. 90 சதவீதம் என்றால் 20ஐ ஒட்டும். நமக்கு வாடைக்காற்றுக் காலம் ஒரு முனை, ஆடி ஆவணியில் வறண்ட சோளகக் காற்று அடிக்கும் காலம் மறுமுனை. ஒரு வருடத்துக்குள் மரம் இந்த இரண்டுக்கும் இடையில் போய் வருகிறது. பூஞ்சணமும் உக்கலும் 20 சதவீதத்துக்கு மேல் நீர் தங்கும் மரத்தைத்தான் தேடி வரும். தகட்டின் கீழே நகம் பதிந்தது அதனால்தான்.

வால்நட் மரத்தில் நீர் 10 சதவீதத்திலிருந்து 18க்கு ஏறினால், மரத்தின் ஆண்டு வளையங்களின் போக்கில் 40 மில்லிமீற்றர் அகலமான இடம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீங்கும். நீளவாக்கில் அசைவே தெரியாது. ஒரு மில்லிமீற்றர் என்பது ஆணியும் இரும்பும் பொருந்தும் இடத்தில் மிகப் பெரிய தூரம்.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். மழைத்துளியைத் தடுப்பது வேறு, காற்றிலுள்ள நீராவியைத் தடுப்பது வேறு. ஆளிவிதை எண்ணெய் நீராவியை மிகக் கொஞ்சமே தடுக்கும். அமெரிக்காவின் மடிசன் நகரிலுள்ள வன உற்பத்தி ஆய்வுக்கூடம் பூச்சு வகைகளை நெடுங்காலம் சோதித்திருக்கிறது. எந்தப் பூச்சும் நீராவியை முழுதாக மறிக்காது, வேகத்தைத்தான் குறைக்கும் என்பது அவர்கள் கண்டது. அந்த வரிசையில் வெறும் ஆளிவிதை எண்ணெய் அடிமட்டத்தில் இருக்கிறது.

பொலிஸ்வேலை | மாசி 26, இரவு 8.00

ஆசிரியர் சொன்னதைத்தான் நான் சொல்ல வந்தனான். நான் வவுனியாவிலை தளபாடத்துக்குப் பொலிஸ் அடிக்கிறன். ரெண்டு பேணி கலந்து அடிக்கிற பொலியூரத்தேன் எண்ணெயை விட எத்தினையோ மடங்கு ஈரம் தடுக்கும். பிழை வார்னிஷிலை இல்லை, அடிச்ச விதத்திலை. எல்லா முகத்துக்கும் அடிச்சிருந்தால் இது நடந்திராது. பழையது எல்லாம் நல்லது எண்டு சொல்லுறது எனக்குச் சரியாப் படேல்லை.

உளிச்சத்தம் | மாசி 26, இரவு 9.30

நீர் சொல்லுறது உண்மை, தம்பி. ஈரம் தடுக்கிறதிலை உம்மடை சாமான்தான் திறம். வீட்டுக்குள்ளை இருக்கிற அலுமாரிக்கு நானும் அதைத்தான் அடிப்பிப்பன்.

ஆனால் இது வயலுக்குப் போற சாமான். வரம்பிலை விழும், லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியிலை உரஞ்சுப்படும். ஒரு கீறல் விழுந்தால் அதுக்குள்ளாலை தண்ணி போகும், சுத்திவர மூடிக் கிடக்கிறதாலை ஆறுதலாத்தான் வெளியிலை வரும். அதைத் திருத்த முழுத் தோலையும் உரிக்கவேணும். எண்ணெய் எண்டால் கீறின இடத்திலை ஒரு துளி வைச்சுத் தேய்ச்சால் சரி, வயலுக்கையே செய்யலாம். நான் சொல்லுறது இதுதான்: வருஷா வருஷம் கை வைக்கிற ஆளுக்கு எண்ணெய். ஒருக்கா அடிச்சுப்போட்டு மறக்கிற ஆளுக்கு உம்மடை பொலிஸ், ஆனால் அடியும் பள்ளமும் ஒண்டும் விடாமல்.

கண்ணுக்குத் தெரியாத அந்த ரெண்டு இடத்துக்கும் நான் உம்மடை கட்சி. அங்கை கீறல் விழாது. கெட்டியாவே மூடலாம்.

மருதமரம் | மாசி 27, காலை 7.15

எனக்கு ஒரு சந்தேகம். மண்வெட்டி பிடி ஆடினால் நாங்கள் ராத்திரிக்கு வாய்க்காலுக்கை போட்டு வைப்பம், காலையிலை கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். வண்டில் சில்லையும் குளத்துத் தண்ணியிலை விட்டு இறுக்கிறவை எண்டு அம்மா சொல்லுவா. அப்ப தண்ணி மரத்துக்கு நல்லதுதானே செய்யுது? இலுப்பெண்ணெயைப் பற்றியும் ஒருத்தரும் சொல்லேல்லை.

உளிச்சத்தம் | மாசி 27, காலை 8.40

நல்ல கேள்வி, பிள்ளை. அண்டைக்கு வேலை முடிக்க அது காணும். ஆனால் வடிவா யோசிச்சுப் பாரும், ஒருக்கா வாய்க்காலுக்கை போட்ட மண்வெட்டி அடுத்த கிழமை முந்தினதை விடக் கூட ஆடும். இரும்பு வளையத்துக்குள்ளை வீங்க இடமில்லாமல் மரநார் நசிபடுது. நசிஞ்ச நார் காய்ஞ்சாப் பிறகு எழும்பாது. காவற்கொட்டில் சொன்ன அதே கதைதான். பிடியின்ரை தலைப்பக்கம் ஒரு நல்ல ஆப்பு அடிச்சு, வெட்டுமுகத்தை எண்ணெயிலை ஊற வைச்சால் தண்ணியிலை போடவே தேவையில்லை.

இலுப்பெண்ணெய், தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் ஒண்டும் மரத்திலை இறுகாது. அம்மப்பா செய்ததிலை பிழையில்லை, கோடையிலை பிடி வெடிக்காமல் அது காப்பாத்தும். ஆனால் மாரியிலை பிசுபிசுத்துத் தூசியும் பூஞ்சணமும் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காத்தோடை சேர்ந்து தானே இறுகித் தோல் பிடிக்கிற வகை. சீனாவிலையிருந்து வாற துங் எண்ணெயும் அதே வகைதான், தண்ணிக்கு இன்னும் தாங்கும், ஆனால் எங்கடை கடைகளிலை நான் காணேல்லை.

முத்தையன்கட்டான் | மாசி 27, இரவு 8.20

ஐயா, இப்ப நான் என்ன வரிசையிலை செய்ய?

உளிச்சத்தம் | மாசி 28, காலை 5.50

ஆறுதலாச் செய்யவேணும், அதுதான் முதல். இரும்பைக் கழட்டித் திருத்துறவரிட்டைக் குடு, அல்லது பூட்டி வை. மரத்தை மட்டும் நிழல்லை, காத்தோட்டமான திண்ணையிலை மூண்டு நாலு கிழமை காய விடு. வெயில்லை வையாதை. அடுப்பங்கரைப் பக்கம் கொண்டு போகவே போகாதை. வெளித்தோல் கெதியாச் சுருங்கி உள்ளுக்கை ஈரம் நிண்டால் இன்னும் வெடிக்கும்.

காய்ஞ்சாப் பிறகு முதல் ஒட்டு, பிறகுதான் எண்ணெய். எண்ணெய் பட்ட மரத்திலை பசை பிடியாது. ரெண்டு குழாய் கலக்கிற அரல்டைற்றை மெல்லமாச் சூடு காட்டினால் இளகி வெடிப்புக்குள்ளை ஓடும். பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவா வெட்டி இறுக்கிச் சுத்தி ஒரு நாள் விடு. ரியூப் மாதிரி வளைஞ்ச மரத்தைச் சமனா அமத்த வேறை சாமான் இல்லை. பின்நாக்கின்ரை நுனிக்கும் மரத்துக்கும் இடையிலை ஒரு தடிச்ச கடதாசி போற அளவு இடைவெளி இருக்கவேணும், அதைத் திருத்துறவர் பாத்து எடுப்பார்.

பழைய வார்னிஷை உரஞ்சி எடுத்தாப் பிறகு ஈரத்துணியாலை ஒருக்காத் துடை. மரத்தின்ரை மயிர் எழும்பும். காய விட்டு 320 அரத்தாளாலை மெல்லமா வெட்டு. ரெண்டு தரம் இப்பிடிச் செய்தால் பிறகு மழை பட்டாலும் சொரசொரக்காது.

எண்ணெய் வாங்கேக்கை காய்ச்சின லின்சீட் எண்டு கேள். பேர்தான் காய்ச்சினது, கெதியாக் காய உலோக உப்புச் சேர்த்தது. ஒரு நாள் அளவிலை காயும். பச்சை எண்ணெய் நாள்கணக்கிலை இழுக்கும். முதல் பூச்சுக்கு மட்டும் பாதி டர்பன்டைன் கலந்து, அடிமுகத்துக்கும் பள்ளத்துக்கும் குடிக்கிற மட்டும் குடு. வெளியிலை மெல்லிசாப் பூசி, கால் மணித்தியாலம் விட்டு, மிச்சத்தை ஒண்டும் விடாமல் துடை. துடைக்காமல் விட்டால் பிசின் மாதிரி ஒட்டும். அடுத்த பூச்சு ரெண்டு நாளுக்குப் பிறகு. ஆறேழு பூச்சு வேணும். எண்ணெய் நல்லா இறுகினாப் பிறகு அடிமுகத்துக்கும் பள்ளத்துக்கும் பொலிஸ்வேலை தம்பி சொன்ன சாமான் ரெண்டு பூச்சு.

கடைசியிலை தேன்மெழுகு. உங்கடை பக்கம் தேன் எடுக்கிற ஆக்களிட்டை வாங்கலாம். தண்ணிச் சட்டிக்குள்ளை பேணியை வைச்சு உருக்கி, அடுப்பாலை இறக்கித் தூரக் கொண்டு போய்த்தான் டர்பன்டைன் விடவேணும். அது சட்டெண்டு பத்தும்.

துணியைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும். லின்சீட் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையிலை போடாதை. காயக் காய அது தானே சூடாகும், நெருப்பில்லாமல் பத்தும். என்ரை பட்டறையிலை ஒரு ராத்திரி மரத்தூளுக்குப் பக்கத்திலை கிடந்த துணி மூட்டை புகைஞ்சு, நாய் குலைச்சதாலை எழும்பிப் பாத்தன். அண்டையிலையிருந்து கம்பியிலை விரிச்சுக் காயப்போட்டுத்தான் எறியிறது.

வாடைக்காற்று | பங்குனி 9, மாலை 5.00

மாணவர்களோடு ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரே முதிரைச் சட்டத்தில் மூன்று துண்டுகள். ஒன்று வெறும் மரம். ஒன்றுக்கு நான்கு பக்கமும் வார்னிஷ், வெட்டுமுகம் திறந்தபடி. மூன்றாவதுக்கு வெட்டுமுகம் மட்டும் மூடி, பக்கங்கள் வெறுமையாக. துணிக்குப் போடும் நீலம் கரைத்த தண்ணீரில் ஒரு இரவு நிறுத்திவிட்டு, காலையில் நடுவாகப் பிளந்தோம். முதல் இரண்டிலும் நீலம் அடியிலிருந்து ஏறிப் போயிருந்தது, வார்னிஷ் அடித்ததற்கும் அடிக்காததற்கும் அதிலே வேறுபாடே காணவில்லை. மூன்றாவதில் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும். பிள்ளைகள் அந்தத் துண்டுகளை வகுப்பிலேயே வைத்திருக்கிறார்கள்.

முத்தையன்கட்டான் | வைகாசி 2, இரவு 9.00

எட்டுப் பூச்சு முடிஞ்சுது. ஒட்டு பிடிச்சிட்டுது, திருத்துறவர் பின்நாக்கைச் சரிபண்ணி ஆணியும் மாத்தித் தந்தவர். அப்பாவின்ரை அந்தக் கறுப்பு நிறம் வரேல்லை, ஆனால் கோடுகள் தெரியுது.

முத்தையன்கட்டான் | அடுத்த தை 11, காலை 10.30

பழைய இழையை மேலை கொண்டு வாறதுக்கு மன்னிக்கவேணும். இந்த முறையும் கார்த்திகை முழுக்கக் கொட்டிலிலைதான். சாக்கு இல்லை, குழல் கீழை பாக்க மூங்கில் கவையிலை தொங்கவிட்டன். நனைஞ்ச நாளெல்லாம் துடைச்சன். ஒரு கிழமை தொடர்ந்து மழை, அப்ப சோங்கிலை தண்ணி முத்து முத்தா உருண்டு நிண்டது.

நேற்று அடித்தகட்டைக் கழட்டினன். ஆணி கையாலை வந்தது. கீழை மரம் காய்ஞ்சு, தட்டினால் சத்தம் கேக்குது. பெரிய ஆணிக்குத் திருப்புளி வைச்சுப் பாத்தன், அசையேல்லை. அம்மாவிட்டைக் காட்டினன். கையாலை தடவிப் பாத்திட்டு, தகரப் பேணியை எங்கை வைச்சனி எண்டு கேட்டா.